விளக்கு எரியாத நாள்

மேட்டுத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அவள் வேன் அத்தை. பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பல் துலக்காமல் வந்தவன் யார், வீட்டுப்பாடம் எழுதாமல் வயிற்றுவலி என்று சொல்லப்போகிறவள் யார் என்பதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். படியில் ஏறும்போது முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வண்டி ஓட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. ஹாரனை நம்பி ஓட்டுகிறவர்கள், கடவுளை நம்பி ஓட்டுகிறவர்கள், எதிரே வருகிறவனின் பயத்தை நம்பி ஓட்டுகிறவர்கள். இவள் பிரேக்கை நம்பி ஓட்டுகிறவள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் ஸ்டியரிங் பிடித்ததே நாற்பதை நெருங்கும் வயதில்தான். அதுவரை ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். மலைப்பாதையோ மழையோ, ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவர் பெருமை. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அதைச் சொல்லிவிடுவார். முழங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. கிளட்சை மிதித்தால் உயிர் போய் உயிர் வந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சன்னலைப் பார்ப்பதை அவளால் சகிக்க முடியவில்லை.

"நீங்க சொல்லிக் குடுங்க. நான் ஓட்டறேன்," என்றாள் ஒரு நாள்.

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பமாயிற்று. நல்ல ஓட்டுநர், ஆனால் சொல்லிக்கொடுப்பதில் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கியர் உறுமினால் அவரும் உறுமுவார். அவள் காலர் தைத்த கையால் ஸ்டியரிங்கை அளந்து அளந்து திருப்பினாள். கணவனிடம் வண்டி கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகும் அதே வீட்டில் குடியிருக்கிற பெண்களுக்குத் தனியாக ஒரு மரியாதை தர வேண்டும். உரிமம் கையில் வந்த அன்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "முதல் தடவையே பாஸ்," என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். ஒருவர் ஓட்டி முடித்த வண்டி. என்ஜின் நல்ல நிலையில் இருந்தது, இருக்கைகளுக்கு அவளே புது உறை தைத்துப் போட்டாள். வண்டியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் உலகத்தில் மிகச் சிலர்தான் இருப்பார்கள். அவர்களில் அவள் ஒருத்தி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று மனப்பாடமாகத் தெரியும். அதில் ஒரு சிவப்பு வட்டம், நடுவில் ஆச்சரியக்குறி. பிரேக்குக்கான விளக்கு. அது எரிந்தால் வண்டியை ஓரங்கட்டு என்று கையேடு சொன்னது. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

கணவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "விளக்கெல்லாம் கத்துக்குட்டிகளுக்குத்தான். டிரைவருக்குக் காலுதான் விளக்கு," என்பார். அவர் ஓட்டிய பேருந்துகளில் எந்த விளக்கு எரியும், எது எரியாது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் எரிந்துகொண்டே இருந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

அவளுக்கு அந்த வாதம் செல்லாது. ஆலையில் தையல் இயந்திரத்தின் மேல் ஒரு சின்ன விளக்கு இருக்கும். ஊசி தளர்ந்தால் எரியும். பக்கத்து இயந்திரத்துப் பெண் அது கண்ணை உறுத்துகிறது என்று மேலே ஒரு துணித் துண்டை ஒட்டிவைத்திருந்தாள். ஒரு நாள் ஊசி உடைந்து விரலுக்குள் போனது. அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனவள் இவள்தான். எரிகிற விளக்கைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அதற்குப் பிறகு அவளால் ஆகாத காரியம்.

இப்படி நாலைந்து வருடம் ஓடியது. பள்ளிக்கூடம் ஒரு நீண்ட இறக்கத்தின் அடியில் இருக்கிறது. மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் மஞ்சள் சுவரும் விளையாட்டுத் திடலும் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். இறக்கம் முடிகிற இடத்தில் நாற்சந்தி. லாரிகள் குறுக்கே போகும். அந்த இறக்கத்தில் அவள் வண்டி ஆமைபோல் இறங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் களைத்துப்போவார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

சிக்கல் ஆரம்பித்தது மழை ஓய்ந்த பிறகு. இறக்கத்தில் திரும்பும்போது அந்தச் சிவப்பு வட்டம் கண் சிமிட்டியது. உடனே ஓரங்கட்டினாள். பள்ளிக்கும் பெற்றோருக்கும் போன் செய்தாள். சமதளத்தில் நிறுத்தியதும் விளக்கு அணைந்துவிட்டது. காத்திருந்து பார்த்தாள், எரியவில்லை. மெதுவாக இறக்கிக் கொண்டுபோய் விட்டாள். பிள்ளைகள் முதல் மணியைத் தவறவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி. அதற்கடுத்த வாரம் மறுபடி. ஒவ்வொரு முறையும் நிறுத்துவாள், ஒவ்வொரு முறையும் விளக்கு எதுவும் தெரியாததுபோல் அணைந்துவிடும். மூன்றாவது தடவை ஒரு தாய் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு ஓடி வந்தாள். தேர்வு நாள் வேறு.

எல்லோரையும்விடக் கொதித்தவர் குழாய்க் கடைக்காரர். கடைத்தெருவில் தண்ணீர்க் குழாய்களும் இணைப்புகளும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் மகள் வேனில் முன் இருக்கைக்கு உரிமை கொண்டாடுகிற ஆறு வயதுப் பெண். தன் காரைத் தானே பராமரிப்பதில் அவருக்குப் பெருமை. மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே மற்றவர்கள் சோம்பேறியாக இருப்பதால்தான் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கார் பானெட் திறந்திருக்கும், அவர் பாதி உடம்பு உள்ளே இருக்கும்.

"அக்கா, விளக்கு ஒரு செகண்ட் எரிஞ்சா நடுரோட்டுல நிறுத்திடுறதா? பிள்ளைங்க படிப்பு என்ன ஆகுறது?" என்று கேட்டார்.

"எதுக்கு எரியுதுன்னு தெரியலையே சார்."

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கணும். பயந்தா வண்டி எதுக்கு ஓட்டணும்?"

அவர் போட்ட மனு பள்ளிக்கூட மேலாளர் அம்மாவிடம் போனது. அந்த அம்மா கெட்டவர் இல்லை, ஆனால் நாற்பது பெற்றோர் நாற்பது பக்கமிருந்து இழுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். வேன் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை சரியான காரணம் இல்லாம வழியில நிறுத்தினீங்கன்னா, இந்த ரூட்டை வேற வேனுக்குக் குடுத்துடுவேன். எனக்கு வேற வழி இல்லை. தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்த ரூட்டுதான் அவர்கள் வீடு. பிள்ளைகளைத் தவிர அந்த வேனுக்கு வேறு வேலை கிடையாது. வெளியூரில் படிக்கிற மகனும், நாற்காலியில் இருக்கிற கணவரும், அவள் காலைத் தூக்கமும் எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த விளக்கு எரியாம இருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. அது எரியக்கூடாது, அவ்வளவுதான்."

கணவர் நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பட்டறைக்கு எடுத்துப்போகலாம் என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது அவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேன். சரியாயிடுச்சு," என்றார்.

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்ல. நீ போ. இனிமே எரியாது."

எரியவும் இல்லை. இறக்கத்தில் அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சிவப்பு வட்டம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமையும் எரியவில்லை. பிறகு பட்டறைக்குப் போவானேன்? கணவர் முகத்தில் பழைய பெருமை கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. தன் கையால் ஒரு வேலை முடிந்தது என்கிற பெருமை. என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை கவனமாக இருக்கிறவள் அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டாள். விளக்கு எரியாதபோது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. குழாய்க் கடைக்காரர்கூடக் கையசைத்தார்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். மேட்டுத் தெரு முனையில் முதல் பையனை ஏற்றியபோதே பிரேக் மிதியில் ஏதோ ஒன்று. சொல்லத் தெரியாத ஒன்று. வழக்கமாக வெண்ணெய்போல் இறங்குகிற மிதி, இன்று மணலை மிதித்ததுபோல் ஒரு நெருநெருப்போடு இறங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் ஏறிய பிறகு உள்ளே ஒரே கூச்சல். பல் விழுந்த பையன் விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதைப் பார்க்க எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மேட்டின் உச்சிக்கு வருவதற்கு முன்னால் சமதளமான ஒரு தெரு இருக்கிறது. அங்கே வேகத்தைக் குறைத்தாள்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. அத்தைக்கு ஒரு சத்தம் கேக்கணும்."

வேனில் பிள்ளைகளை வாயை மூடவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். முன் இருக்கை மகாராணி திரும்பி நின்று விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் மிரட்டினாள். ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் பையைக் கடித்துக்கொண்டான். கடைசியில் ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதி வந்தது. அவள் மெதுவாக பிரேக்கை அழுத்தினாள்.

முன் சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு தேய்க்கிற சத்தம் வந்தது.

"பேய் மாதிரி இருக்கு அத்தே," என்றான் பல் விழுந்தவன்.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி அதே சத்தம். விளக்கு எரியவில்லை. எதிரே, மேட்டின் விளிம்புக்கு அப்பால் மஞ்சள் சுவர் தெரிந்தது. மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது. முதல் கியரில் போட்டு மெதுவாக இறக்கினால் இறங்கிவிடலாம். இத்தனை நாள் இறங்கத்தானே செய்தது? யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சாயங்காலம் பட்டறைக்குப் போகலாம். இதெல்லாம் அவள் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஓடியது. மேலாளர் அம்மா சொன்னதும், வீடும், மகனும், எல்லாம் ஓடியது. அந்த நாற்சந்தியில் ஒரு லாரி குறுக்கே போவதையும் பார்த்தாள்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கல்லைத் தள்ளினாள். பிள்ளைகளை நடைபாதையில் இறக்கி நிறுத்தினாள். பிறகு போன் எடுத்து, பெற்றோருக்கும் பள்ளிக்கும் பட்டறைக்காரருக்கும் வீட்டுக்கும் சொன்னாள்.

குழாய்க் கடைக்காரர்தான் முதலில் வந்தார், கடை பக்கத்தில்தான். காரை அவள் வண்டிக்கு முன்னால் சட்டென்று நிறுத்தி இறங்கினார்.

"விளக்கு எரியுதா?"

"இல்ல சார்."

"எரியலையா? அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?"

"சத்தம் வருது. கால்ல ஒரு மாதிரி படுது. இந்த இறக்கத்துல நான் இறக்க மாட்டேன்."

"விளக்கு எரிஞ்சா நிறுத்துறீங்க, எரியலைன்னாலும் நிறுத்துறீங்க. அப்ப எப்பதான் ஓட்டுவீங்க?"

காரணம் காட்ட அவளிடம் விளக்கு இல்லை. ஒரு சத்தமும் ஒரு காலும்தான் இருந்தன. அவர் மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் காரில் ஏற்றினார். "நாளையிலேர்ந்து நானே கூட்டிட்டுப் போய்க்கிறேன்," என்றார். கார் இறக்கத்தில் வேகமாக இறங்கிப் போனது. மகாராணி பின் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

மற்ற பிள்ளைகளை அவள் நடத்தியே கூட்டிப்போனாள். பெரியவர்கள் வெளிப்பக்கம், சின்னவர்கள் உள்பக்கம், கையோடு கை கோத்து ஒரே வரிசையாக. பல் விழுந்தவன் தீப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முன்னால் நடந்தான். நாற்சந்தியில் அவள் கையை நீட்டி லாரிகளை நிறுத்தி எல்லோரையும் கடத்தினாள். பள்ளி வாசலில் மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சாயங்காலம் எல்லாப் பெற்றோரையும் கூப்பிடறேன். வேன் டிரைவர் எல்லாரையும் வரச் சொல்றேன். நீங்களே வந்து காரணத்தைச் சொல்லுங்க," என்றார்.

அவள் மேட்டுக்குத் திரும்பி ஏறியபோது பட்டறைக்காரர் வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு கணவரும் வந்திருந்தார். முழங்கால் வலியோடு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்காரர் பிரேக் பேடு இரண்டையும் உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது அந்தப் பேடுதான். விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய அந்த இரண்டில் ஒன்று வெறும் இரும்புத் தகடாக இருந்தது. இரும்புத் தட்டில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது.

"இறக்கியிருந்தா?" என்று கேட்டாள்.

"இறங்கியிருக்கும். நிக்கிறதுதான் சந்தேகம்."

புதுப் பேடு போடுவதற்காக அவர் பேடை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ளினார். அப்போது பானெட்டுக்குள் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பிரேக் ஆயில் டப்பா நிரம்பி, மூடியைத் தாண்டி வழிந்து, கீழே பெயிண்டைத் தின்றுகொண்டிருந்தது. பட்டறைக்காரர் கந்தலை எடுத்து அவசரமாகத் துடைத்தார்.

"யாரு இதுல ஆயில் ஊத்துனது?" என்றார். "பேடு தேய்ஞ்சா பிஸ்டன் வெளிய வரும். அந்த எடத்துக்கு ஆயில் எறங்கும். டப்பால ஆயில் குறையும். குறைஞ்சா விளக்கு எரியும். 'பேடைப் பாரு'ன்னு சொல்றதுக்குத்தான் அது எரியுறதே. மேல ஊத்திட்டா விளக்கு அணைஞ்சுடும். ஊத்துன ஆயில்ல பேடு வளருமா?"

இறக்கத்தில் விளக்கு ஏன் கண் சிமிட்டியது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. வண்டி சாயும்போது, குறைந்திருந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அந்த விளக்கு மூன்று தடவை அவளிடம் வந்து சொல்லியிருக்கிறது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதரின் முகம் சாம்பல்போல் ஆகியிருந்தது.

"எரியக்கூடாதுன்னு சொன்னியே," என்றார். "நான் எரியாம பண்ணிட்டேன். குறைஞ்சிருக்குன்னு ஊத்தினேன். திரும்பவும் குறைஞ்சுது, திரும்பவும் ஊத்தினேன். எங்க போகுதுன்னு யோசிக்கவே இல்ல."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பிள்ளைகளை நினைத்தாள், கத்த வாயெடுத்தாள். பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்துத் தான் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கேட்டது எதுவோ அதைத்தான் அவர் ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் செய்திருக்கிறார். அவர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

பட்டறைக்காரர் புதுத் தட்டும் புதுப் பேடும் போட்டு, ஓட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"கூட்டத்துல விளக்கு எரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. விளக்கு எரிஞ்சுது, நிறுத்தினேன், பிரிச்சுப் பாத்தோம், பேடு தேய்ஞ்சிருந்துச்சு. முடிஞ்சுது. காரணம் இருக்கு, ரூட்டும் இருக்கும். வீட்டு விஷயம் எதுக்கு வெளிய?"

கணவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவளுக்கு அது தெரிந்தது.

அது ஒரு சின்னப் பொய்தான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ரூட்டு நிலைக்கும், கணவர் மானம் நிலைக்கும், அவள் சொன்னதுதான் சரி என்று பேரும் கிடைக்கும். பள்ளி வாசலில் மற்ற வேன்கள் வரிசையாக நிற்பது நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்குப் பிசகு தெரிந்தது. அந்த ஓட்டுநர்களும் பானெட்டைத் திறந்துவைத்து ஆயில் ஊற்றுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். ஊற்றிவிட்டு விளக்கு அணைந்ததா என்று பார்த்து, மூடிவிட்டுப் போவார்கள்.

"விளக்கு எரிஞ்சுதுன்னு நான் சொன்னா, அவங்க எல்லாரும் அவங்க விளக்கை நம்பிட்டு இருப்பாங்க," என்றாள். "விளக்கு எரியாத வண்டியில போற பிள்ளைங்களுக்கு அப்புறம் யாருங்க சொல்றது?"

கணவர் மெதுவாக எழுந்து வேனில் ஏறிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து நடுக்கூடத்தில் பிள்ளைகள் உட்காருகிற தாழ்ந்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். வேன் ஓட்டுநர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். குழாய்க் கடைக்காரர் முதல் வரிசையில், மடியில் மகளோடு. மேலாளர் அம்மா சொல்லச் சொன்னார். வேன் அத்தை எழுந்து நின்றாள். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பேடை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு நான் நிறுத்தினப்போ விளக்கு எரியல," என்றாள். "எரிஞ்சிருக்கணும். எங்க வீட்டுலதான் அதை அணைச்சோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பேடு தேய்வதையும், ஆயில் இறங்குவதையும், மேலே ஊற்றினால் விளக்கு வாயை மூடிக்கொள்வதையும், பட்டறைக்காரர் சொன்னது சொன்னபடி, யாருக்கும் விளங்கும்படி சொன்னாள். பூசி மெழுகவில்லை. எரியாமல் இருந்தால் போதும் என்று தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்போ இத்தனை வாரமா தேய்ஞ்ச பிரேக்லயா எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"ஆமா."

கூடம் சலசலத்தது. "ஆயில் ஊத்துனது யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தாங்க." கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஆயுசு பூரா பஸ் ஓட்டுனவன். எனக்கே தெரியல. உங்க வண்டியில யாராவது அப்படி ஊத்தியிருந்தா, தயவுசெஞ்சு நாளைக்குச் சக்கரத்தைக் கழட்டிப் பாருங்க." அவரை மணந்துகொண்டதற்காக அவள் பெருமைப்பட்ட நாட்கள் சில உண்டு. அவற்றில் முதலிடம் இந்த நாளுக்குத்தான்.

"வேற யாராவது ஊத்தியிருக்கீங்களா?" என்று மேலாளர் அம்மா சுவரோரம் பார்த்துக் கேட்டார். ஓட்டுநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. ரூட்டு போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கும் இருக்காதா?

முதல் வரிசையில் குழாய்க் கடைக்காரர் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். மேசைக்கு வந்து பேடை எடுத்தார். தகடு தெரிகிற பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"போன ஞாயித்துக்கிழமை என் கார்லயும் இதே விளக்கு எரிஞ்சுது," என்றார். அவர் குரல் வழக்கமான குரலாக இல்லை. "ஆயில் குறைஞ்சிருந்துச்சு. ஊத்தினேன். அணைஞ்சுடுச்சு. நானே சரி பண்ணிட்டேன்னு வீட்டுல சொல்லிட்டு இருந்தேன்."

பேடை மேசைமேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"காலைல இவளை அந்தக் கார்லதான் இறக்கத்துல கூட்டிட்டு வந்தேன். கோவத்துல வேகமா வேற வந்தேன்."

அவர் உட்காரவில்லை, எங்கே உட்காருவது என்று தெரியாததுபோல் நின்றார். பின்னால் சுவரோரத்திலிருந்து ஓர் ஓட்டுநர், "நானும் ஊத்தியிருக்கேன்," என்றார். அப்புறம் இன்னொருவர். ஒரு தந்தை தன் ஸ்கூட்டர் நின்ற திசையைப் பார்த்துக் கழுத்தைச் சொறிந்தார்.

மேலாளர் அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நாளைக்கு எந்த வேனும் பட்டறையில காட்டாம பிள்ளைங்களை ஏத்தக்கூடாது," என்றார். பிறகு வேன் அத்தை பக்கம் திரும்பினார். "உங்க வண்டியை இன்னிக்கே பார்த்தாச்சு இல்ல? நீங்க எப்பவும்போல வாங்க."

எப்பவும்போல. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவள் பேடைத் திரும்ப முந்தானையில் சுற்றிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

வெளியே வந்து வேன் கதவைத் திறந்து கணவரை ஏற்றி உட்காரவைத்தாள். வாசலில் குழாய்க் கடைக்காரரின் கார் நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைத் திறக்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகளைக் கையைப் பிடித்து வேன் பக்கம் வந்தார்.

"அக்கா," என்றார். "உங்க வண்டியில எங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்குமா?"

அவள் கதவை முழுசாகத் திறந்தாள்.

"ஏறுங்க சார்," என்றாள். "கூரை தாழ்வு. தலை பத்திரம்."